மூன்றாவது பட் எங்கிருந்து வருகிறது?

2023-ல் கோல்ஃப் வீரர் ஸ்காட்டி ஷெஃப்லரின் புள்ளிவிவரங்களைப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். முதல் அடி கிளம்பும் டீயில் தொடங்கி, குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீன் வந்து சேரும்வரை அவரை மிஞ்ச ஆளில்லை. அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூரில் அந்தக் கணக்கில் முதலிடம். கிரீனில் ஏறி, பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டையான பட்டரைக் கையில் எடுத்ததும், அதாவது பட் அடிப்பதில், 162-வது இடம். அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஃபில் கென்யன் என்ற பட்டிங் பயிற்சியாளரிடம் போனார். 2024 பிப்ரவரியில் ஒரு போட்டியின் நேரலையில் பேசிய சக வீரர் ரோரி மெக்கில்ராய், ஷெஃப்லர் ஒருமுறை பெரிய தலை கொண்ட மாலட் வகை பட்டரை எடுத்துப் பார்க்கலாமே என்றார். மார்ச்சில் ஷெஃப்லர் மாலட்டுக்கு மாறினார். அந்த வாரமே ஆர்னால்ட் பால்மர் போட்டியை 5 ஸ்ட்ரோக் (அடி எண்ணிக்கை) வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த வாரம் பிளேயர்ஸ், ஏப்ரலில் மாஸ்டர்ஸ் என்று தொடர்ந்து, ஆண்டு முடிவதற்குள் டூரில் 7 கோப்பைகள், பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம்.

இந்தக் கதையை எல்லோரும் 'பட்டரை மாற்றினார், யோகம் அடித்தது' என்றே சொல்கிறார்கள். எனக்கு அதில் பிடித்த இடம் வேறு. 2024-ல் பட்டிங்கில் அவர் பிடித்த இடம் 77. அதாவது அவர் ஒன்றும் பட்டிங் மன்னன் ஆகிவிடவில்லை. சுமாராக ஆனார், அவ்வளவுதான். கிரீனில் சொந்தக் காசைத் தொலைப்பது நின்றது. மற்றதை, கிரீனை நோக்கி அடிக்கும் அவருடைய அயர்ன் மட்டைகள் பார்த்துக்கொண்டன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஆடுகிற, 18 குழிகளுக்கு 95-க்கும் 105-க்கும் நடுவில் ஸ்ட்ரோக் எடுத்து அல்லாடுகிற ஆட்டக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. அவர் பட்டிங்கை மேம்படுத்த நினைத்தால் முதலில் கனவு காண்பது 15 அடியிலிருந்து பந்தைக் குழிக்குள் போடுவதை. ஸ்கோர் குறைவது பெரும்பாலும் அங்கே இல்லை. அவர் கிரீனில் இழப்பது மூன்றாவது பட்டில். அந்த மூன்றாவது பட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் முதல் பட்டின் வேகத்திலிருந்து.

கணக்கு எங்கே ஏமாற்றும்

72 ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டும் என்று வகுத்த, பார் 72 என்கிற மைதானத்தில் ஒவ்வொரு கிரீனுக்கும் 2 பட் என்று வைத்து மொத்தம் 36 பட் ஒதுக்கியிருக்கிறது. டூர் வீரர்கள் சராசரியாக 29 பட்டை ஒட்டி முடிக்கிறார்கள். ஆட்டத்தில் பாதி பட்டிங்தான் என்று கிளப்பில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கை வைத்துத்தான் சொல்வார்கள்.

கொலம்பியா வணிகப் பள்ளிப் பேராசிரியர் மார்க் பிராடி இதைப் போட்டு உடைத்தார். டூரில் ஒவ்வொரு அடியும் எங்கிருந்து அடிக்கப்பட்டு எங்கே நின்றது என்று கருவிகள் வைத்துப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுகளை வைத்து, ஒவ்வொரு தூரத்திலிருந்தும் குழியை முடிக்கச் சராசரியாக எத்தனை ஸ்ட்ரோக் ஆகும் என்று கணக்கிட்டு, ஒருவர் அந்தச் சராசரியைவிட எவ்வளவு லாபம் அல்லது நஷ்டம் என்று பார்த்தார். ஸ்ட்ரோக்ஸ் கெயின்ட் என்ற அந்த முறையைப் பிஜிஏ டூர் 2011-ல் முதன்முதலாகப் பட்டிங்குக்குத்தான் எடுத்துக்கொண்டது. முடிவு பலருக்குக் கசந்தது. முன்னணி வீரர்கள் மற்றவர்களைவிட மேலே நிற்பதில் பட்டிங்கின் பங்கு சுமார் 15 சதவீதம். கிரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச் ஷாட்களின் பங்கு 40 சதவீதம். அமெச்சூர்களிடமும் நிலைமை ஏறக்குறைய அதுவே: நல்ல ஆட்டக்காரருக்கும் சுமார் ஆட்டக்காரருக்கும் உள்ள இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு 100 கஜத்துக்கு வெளியே அடிக்கிற அடிகளில் இருக்கிறது.

அப்புறம் எதற்கு இந்தக் கட்டுரை என்று கேட்கலாம். நியாயம்தான். பட்டிங்கைச் சரிசெய்தால் 10 ஸ்ட்ரோக் குறையும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். ஆனால் இரண்டோ மூன்றோ குறையும். அதற்கு உடல் பலம் வேண்டாம், இளமை வேண்டாம், இடுப்பு வளைய வேண்டாம். 60 வயதில், டீயிலிருந்து அடிக்கும் நீள அடியான டிரைவில் 30 கஜம் கூட்டுவது நடக்கிற காரியமில்லை. 40 அடி பட்டைக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்தக் கற்றுக்கொள்வது நடக்கும். கோல்ஃபில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற ஸ்ட்ரோக் வேறு எங்கும் இல்லை.

பட் எண்ணிக்கையை மட்டும் எழுதி வைப்பதில் இன்னொரு சிக்கல். ஒருவர் 12 கிரீன்களில் நேராக ஏறி, ஒவ்வொன்றிலும் 35 அடியிலிருந்து இரண்டு இரண்டு பட்டாக முடிக்கிறார். இன்னொருவர் கிரீனையே தொடாமல் ஓரத்திலிருந்து சிப் என்ற குட்டித் தூக்கடி அடித்து 3 அடியில் நிறுத்தி ஒரே பட்டில் முடிக்கிறார். எண்ணிக்கையில் இரண்டாமவர் பட்டிங் புலி. உண்மையில் நன்றாகப் பட் செய்தவர் முதல் ஆள். எனவே '31 பட்' என்ற எண் தனியாக எதையும் சொல்வதில்லை. முதல் பட் எவ்வளவு தூரத்திலிருந்து, அது எங்கே நின்றது என்ற இரண்டும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு உயிர்.

டூர் வீரர்கள் எவ்வளவு தூரத்திலிருந்து எவ்வளவு போடுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது மனதுக்கு நல்லது. 8 அடியில் அவர்களுக்கே பாதிக்குப் பாதிதான். 10 அடியில் நூற்றுக்கு 40. 20 அடிக்குப் போனால் 15. தொலைக்காட்சியில் பார்க்கும்போது எல்லாம் உள்ளே போவதுபோலத் தெரியக் காரணம், உள்ளே போனதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். 33 அடியில் டூர் சராசரி சரியாக 2 பட். அதற்கு மேல் போனால் அவர்களும் மூன்று பட் ஆபத்தில் இருக்கிறார்கள். ஒரு சுற்றை 90 ஸ்ட்ரோக்கில் முடிக்கிற அமெச்சூருக்கு அந்தப் பாதிக்குப் பாதி தூரம் சுமார் 5 அடி.

கடைசி எண்ணைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் பட்டை 5 அடியில் நிறுத்தினால், அடுத்தது நாணயம் சுண்டிப் போடுவதற்குச் சமம். இரண்டடியில் நிறுத்தினால் கிட்டத்தட்ட வேலை முடிந்தது. 18 கிரீன்களிலும் இந்த மூன்றடி வித்தியாசம்தான் மாலைக்குள் கூடிக்கூடி ஸ்கோர் கார்டில் ஏறுகிறது.

சரி, 40 அடியில் நிற்கிறோம். திசையில் 2 டிகிரி தப்பு செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பட்டிங்கில் அது பெரிய தப்பு. பந்து குழியருகே போகும்போது ஒன்றரை அடிகூட விலகியிருக்காது. அதே பட்டில் தூரத்தை 20 சதவீதம் குறைத்தோ கூட்டியோ அடித்தால் 8 அடி முன்னாலோ பின்னாலோ நிற்கும். வாரக் கடைசி ஆட்டக்காரரிடம் 20 சதவீதத் தூரத் தப்பு சர்வ சாதாரணம். ஆனால் கிரீனில் அவரைக் கவனித்தால் முக்கால்வாசி நேரம் குந்தி உட்கார்ந்து கோடு பார்ப்பதிலேயே போகும். எவ்வளவு பலமாக அடிக்கப் போகிறோம் என்பதற்கு ஒத்திகைகூட இருக்காது.

1970 பிரிட்டிஷ் ஓப்பனை எல்லோரும் டக் சாண்டர்ஸ் தவறவிட்ட குட்டி பட்டுக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் கடைசி ஹோலை 4 ஸ்ட்ரோக்கில் முடித்தால் கோப்பை. முப்பது அங்குலம் இருக்கும் அந்தப் பட்டை வலப்பக்கம் தள்ளிவிட்டார். மறுநாள் பிளேஆஃபில் ஜாக் நிக்லாஸ் 72 அடித்து, 73 அடித்த சாண்டர்ஸை முந்தினார். அந்த முப்பது அங்குலம் எப்படி வந்தது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. கிரீனின் பின்பக்கத்திலிருந்து அடித்த நீளமான முதல் பட் குழிக்குக் குறைவாக நின்றுவிட்டது. ஓர் அடியில் நின்றிருந்தால் அவர் கை நடுங்கியிருக்க வாய்ப்பே இல்லை.

வேகத்தை அளக்கும் தகரக் கம்பி

கிரீனின் வேகத்துக்கு ஓர் அளவு வந்ததே ஒரு போட்டியைப் பார்த்த எரிச்சலில்தான். 1935 யூ.எஸ். ஓப்பன் பென்சில்வேனியாவின் ஓக்மான்ட்டில் நடந்தது. பெயர்பெற்ற வீரர் ஜீன் சரசன் அடித்த ஒரு பட் நிற்காமல் உருண்டு கிரீனைத் தாண்டிப் பங்கர் என்ற மணல் பள்ளத்துக்குள் போனதைப் பார்வையாளர் கூட்டத்திலிருந்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் பார்த்தார். கிரீன்கள் அநியாய வேகம் என்று அவருக்குப் பட்டது. நிரூபிக்க அளவு இல்லை. மரத்தில் ஒரு சாய்வுக் கருவி செய்தார். அந்தப் போட்டியை ஜெயித்தவர் சாம் பார்க்ஸ் என்ற உள்ளூர்க்காரர். நான்கு சுற்றுக்கும் சேர்த்து 299. 300-க்குள் முடித்தவர் அவர் ஒருவரே. அந்த கிரீன்களில் ஆடிப் பழகியவர் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1970-களின் நடுவில் அந்தக் கருவியை அலுமினியத்தில் செய்து ஊர் ஊராக அனுப்பியது. ஸ்டிம்ப்மீட்டர் என்பது 36 அங்குலத்தில் பள்ளம் போட்ட ஒரு கம்பி, அவ்வளவுதான். மேலே ஒரு வெட்டு இருக்கும். பந்தை அதில் வைத்து மெல்லத் தூக்கினால் சுமார் 20 டிகிரி வந்ததும் பந்து தானே விடுபட்டு உருளும். சமதளமான இடத்தில் மூன்று பந்தை ஒரு பக்கமும், எதிர்ப்பக்கமும் உருட்டிச் சராசரி எடுத்தால் எத்தனை அடியோ அதுதான் ஸ்டிம்ப். அப்போது அமெரிக்காவில் எடுத்த கணக்கெடுப்பில் சராசரி 6.5 அடி. இன்று டூர் கிரீன்கள் 11, 12 என்று இருக்கும். பெரிய போட்டிகளில் 13-ஐயும் தொடும்.

கேரம் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். பவுடர் போட்ட பலகையில் அதே விரல், அதே சுண்டு, ஆனால் ஸ்ட்ரைக்கர் எதிர்ப்பக்கம் போய் முட்டித் திரும்பி வரும். வேறு வீட்டுப் பலகையில் முதல் இரண்டு சுண்டு எல்லோருக்கும் தப்பும்.

கேரம் பலகை தட்டை, கிரீன் அப்படியில்லை என்பதுதான் வம்பு. ஸ்டிம்ப் 10 உள்ள கிரீனில் 2 சதவீதச் சரிவை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத சரிவு அது. சமதளத்தில் 10 அடி ஓடுகிற அதே அடி, மேட்டை நோக்கி அடித்தால் 8 அடியில் நின்றுவிடும். சரிவில் இறக்கினால் 13 அடியைத் தாண்டும். கிரீனை ஸ்டிம்ப் 13-க்கு வேகப்படுத்தினால், அதே சரிவில் இறங்கும் தூரம் ஏறும் தூரத்தைப் போல இரண்டு மடங்காகிவிடும். உராய்வு குறையக் குறையச் சரிவு சொல்வதைத்தான் பந்து கேட்கும். அனுபவசாலிகள் கிரீனுக்கு அடிக்கும்போதும் சிப் செய்யும்போதும் குழிக்குக் கீழ்ப்பக்கமே பந்தை விடப் பார்ப்பது இதனால்தான். மேலே 6 அடியில் நிற்பதைவிடக் கீழே 10 அடியில் நிற்பது பல கிரீன்களில் லாபம்.

வேகம் கூடினால் குழி சுருங்கும்

குழியின் விட்டம் 4.25 அங்குலம். ஸ்காட்லாந்தின் மஸல்பராவில் 1829-ல் பயன்படுத்திய குழிவெட்டும் கருவியின் அளவு அது; 1891-ல் விதியாக்கினார்கள். பந்தின் விட்டம் 1.68 அங்குலம். பார்த்தால் தாராளமாகத் தெரிகிறது. சரசனுக்கே போதவில்லை, குழியை 8 அங்குலமாக்க வேண்டும் என்று வாதாடிப் பார்த்தார். ஆனால் இந்த 4.25 அங்குலம் முழுவதும் நமக்குக் கிடைப்பது பந்து சாகும் வேகத்தில் வந்தால் மட்டும்.

குழியின் வாயைக் கடக்கும் நேரத்துக்குள் பந்து தன் உயரத்தில் பாதியாவது கீழே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் எதிர் விளிம்பில் முட்டித் துள்ளிவிடும். அதற்கு ஒரு நொடியில் 15-ல் ஒரு பங்கு நேரம் தேவை. பிரையன் ஹோம்ஸ் என்ற இயற்பியலாளர் 1991-ல் இந்தக் கணக்கை முழுசாகப் போட்டார். பந்து குழியின் நட்ட நடுவில் வந்தால் நொடிக்கு சுமார் 1.6 மீட்டர் வேகம்வரை குழி அதைப் பிடித்துக்கொள்ளும். நடுவிலிருந்து விலக விலக, அனுமதிக்கும் வேகம் மளமளவென்று குறையும். இதை நம் கிரீனுக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஸ்டிம்ப் 10-ல், குழி இல்லாவிட்டால் ஒன்றரை அடி தாண்டி நிற்கும் வேகத்தில் பந்து வந்தால், குழியின் அகலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வேலை செய்யும். நாலடிக்குமேல் தாண்டும் வேகத்தில் வந்தால் பாதி அகலம்தான். அதே குழிதான், அதே திசைதான். அடித்த பலம் மட்டும் பாதியை மூடிவிட்டது.

நாசாவில் ஆராய்ச்சி செய்துவிட்டு கோல்ஃப் பயிற்சிக்கு வந்த டேவ் பெல்ஸ், குழியைத் தாண்டி 17 அங்குலம் போகிற வேகமே சிறந்தது என்று சொன்னதும் இந்த வழியில்தான். குழியைச் சுற்றி ஆட்டக்காரர்கள் கால் பட்டு மேடு பள்ளமாகக் கிடக்கும். சாகப்போகும் பந்து அதில் கோணிக்கொண்டு விலகும். கொஞ்சம் உயிரோடு வந்தால் அதைத் தாண்டிவிடும். எட்டாத பந்து விழாது என்பது பழைய கிளப் வேதாந்தம், அதுவும் சரிதான். ஆனால் 40 அடியிலிருந்து 17 அங்குலக் கணக்குப் பார்ப்பது வீண் வேலை. 8 அடிக்குள் இருந்தால் அந்த அளவை மனதில் வையுங்கள். தூரத்திலிருந்து அடிக்கும்போது குழியைச் சுற்றி இரண்டடி வட்டம் போதும்.

2019-ல் மாறிய விதிப்படி கொடிக்கம்பைப் பிடுங்காமலே பட் செய்யலாம். பந்து கம்பில் பட்டாலும் தண்டனை இல்லை. பூட்ஸ் கீறிய தடங்களையும் சரிசெய்துகொள்ளலாம். தூரத்திலிருந்து அடிக்கும்போது கம்பு நிற்பது கண்ணுக்கு ஆழம் காட்டுகிறது. அது போதும் எனக்கு. மற்ற சர்ச்சைகளை விட்டுவிடலாம்.

கோடு பார்ப்பது

வேகத்தை முதலில் வைத்ததற்கு இன்னொரு காரணம், வேகம் முடிவாகாமல் கோடு என்று ஒன்று கிடையாது. பக்கச் சரிவில் பந்து எவ்வளவு வளையும் என்பது எவ்வளவு நேரம் உருள்கிறது என்பதைப் பொறுத்தது. மெல்ல நின்றுபோகும் பந்து தன் பயண நேரத்தில் பாதியைக் கடைசிக் கால்வாசித் தூரத்தில்தான் செலவழிக்கிறது. 20 அடி பட் என்றால் முதல் 15 அடிக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் கடைசி 5 அடிக்கு. வளைவில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கும். நாம் பந்துக்குப் பின்னால் நின்று பார்ப்பதோ நம் காலடியில் உள்ள சரிவை. குழியைச் சுற்றி ஐந்தடியில் என்ன சரிவு என்று நடந்துபோய் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவர் குறைவு. அதனால் அமெச்சூர்கள் வளைவைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பந்து குழிக்குக் கீழ்ப்பக்கமாக வழுகிப் போகும். உலகம் முழுக்க அந்தப் பக்கத்துக்கு அமெச்சூர் பக்கம் என்றே பெயர். மேல்பக்கம் தவறுகிற பந்துக்காவது கடைசி நொடியில் சரிந்து விழ வாய்ப்பு இருக்கிறது. கீழே போனதற்குத் திரும்ப வழியில்லை. எனவே பார்த்த வளைவை அப்படியே நம்பாமல் இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வது பெரும்பாலோருக்குப் பலன் தரும்.

காலால் சரிவை உணர்வது இப்போது பிரபலம். மார்க் ஸ்வீனி உருவாக்கிய எய்ம்பாயின்ட் முறையில் ஆட்டக்காரர் பட் போகும் வழியில் இரண்டு காலையும் அகட்டி நின்று எந்தக் காலில் எடை கூடுகிறது என்று உணர்ந்து, சரிவுக்கு ஒன்றிலிருந்து எண் கொடுத்து, அத்தனை விரலைக் குழிக்குப் பக்கத்தில் நீட்டி இலக்கு எடுப்பார். ஆடம் ஸ்காட், காலின் மோரிகாவா போன்றவர்கள் விரல் நீட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். முறை பிடிக்கிறதோ இல்லையோ, கண்ணைவிடக் கால் நேர்மையானது என்பது உண்மை. பக்கத்தில் மலையோ ஏரியோ இருந்தால் கண் எளிதில் ஏமாறும்.

புல்லும் பேசும். சென்னை போன்ற வெயில் ஊர்களில் கிரீனில் இருப்பது பெர்முடா வகைப் புல். வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்கு வைக்கிற நம் அருகம்புல்லின் கலப்பினம். அருகு எப்படிப் படர்ந்து ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும். கிரீனில் ஒட்ட வெட்டினாலும் அந்தச் சாய்மானம் போகாது. அதுதான் கிரெயின். பந்தின் பின்னால் நின்று பார்க்கும்போது புல் பளபளப்பாகத் தெரிந்தால் சாய்மானத்தோடு அடிக்கிறோம், வேகமாக ஓடும். கறுத்துத் தெரிந்தால் எதிராக, இழுத்துப் பிடிக்கும். சந்தேகம் வந்தால் குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாகவும் எதிர்ப்பக்கம் பிய்ந்து பழுப்பாகவும் இருக்கும். புல் பிய்ந்த பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கிறது. குளிர்நாடுகளின் பென்ட் புல்லில் இந்தத் தொல்லை குறைவு, அதனால் அங்கே எழுதுகிற பல பயிற்சிக் குறிப்புகள் கிரெயினைப் பற்றி ஒரு வரியோடு விட்டுவிடும். நேரமும் கணக்கு: காலைப் பனி ஈரத்தில் பந்து இழுக்கும், காய்ந்ததும் ஓடும், மாலையில் புல் வளர்ந்து மறுபடி மெதுவாகும்.

அந்த மைதானத்தில் பல வருஷம் நடந்த கேடி (மட்டைப் பையைத் தூக்கி வருபவர்) கூட இருந்தால் முக்கால்வாசிக் கவலை விட்டது. 'ஒரு கப் லெஃப்ட் சார்', அதாவது ஒரு குழி அகலம் இடப்பக்கம், என்று அவர் சொன்னால் நம்பலாம். ஆனால் அந்த ஒரு கப் எந்த வேகத்துக்கு என்பதையும் கேளுங்கள். மெல்ல உருட்டுகிறவருக்கு அதே பட் இரண்டு கப்.

கருவியும் கையும்

பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதில் எண்பது சதவீதத்துக்கும் மேல் பட்டரின் முகம் அடிபடும் கணத்தில் எங்கே பார்க்கிறது என்பதே தீர்மானிக்கிறது. பட்டர் வரும் பாதைக்குப் பங்கு கொஞ்சம்தான். பட்டரைப் பின்னால் இழுக்கும்போது நேராகவா வளைவாகவா என்று மணிக்கணக்கில் சண்டை போடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. முகம் ஒரு டிகிரி திரும்பினால் 10 அடியில் பந்து 2 அங்குலம் விலகும். நடுவைக் குறிவைத்தது விளிம்பைத் தொடும். 5 அடியில் 2 டிகிரிவரை தாங்கும். 20 அடியில் அரை டிகிரிதான். டூர் வீரர்களே 20 அடியில் ஏன் தவறவிடுகிறார்கள் என்பது இதிலேயே தெரியும்.

பட்டர் வாங்குவதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கார்ஸ்டன் சோல்ஹைம் என்ற பொறியாளர் 1950-களின் இறுதியில் எடையைத் தலையின் இரு முனைகளுக்குத் தள்ளி ஒரு பட்டர் செய்தார். பந்தில் பட்டபோது எழுந்த ஒலியே பிங் என்று நிறுவனப் பெயராகிவிட்டது. எடை முனையில் இருந்தால், பந்து நடுவில் படாதபோதும் தலை திருகுவது குறையும். 1966-ல் வந்த அவருடைய ஆன்சர் வடிவத்தை இன்றுவரை எல்லா நிறுவனங்களும் போட்டுக்கொண்டிருக்கின்றன. பெரிய தலை மாலட்கள் அதே தத்துவத்தை இன்னும் தூரம் கொண்டுபோனவை. நடுவில் படாத அடியில் வேகம் குறைவதையும் அவை கட்டுப்படுத்துகின்றன. நம் வாதத்துக்கு அதுதான் முக்கியம். ஆகவே மாலட் எடுப்பதில் தப்பில்லை. ஆனால் கைக்குப் பொருந்தாத நீளத்தில் விலையுயர்ந்த பட்டர் வாங்குவதைவிட, கையிலிருக்கும் பழையதை அளவுக்கு வெட்டிப் பிடியை மாற்றிக்கொள்வது நல்லது. நீண்ட பட்டரை வயிற்றிலோ மார்பிலோ ஊன்றி அடிப்பதை 2016 ஜனவரி முதல் விதி தடுத்துவிட்டது. கீகன் பிராட்லி 2011-ல் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை அப்படித்தான் ஜெயித்தார், ஆடம் ஸ்காட் 2013-ல் மாஸ்டர்ஸை. நீண்ட பட்டர் இன்றும் செல்லும். உடம்பில் ஊன்றக் கூடாது, அவ்வளவே.

குட்டி பட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே விஷயம் வேகமல்ல. 2024 யூ.எஸ். ஓப்பன், பைன்ஹர்ஸ்ட். அந்த சீசனில் 3 அடிக்குள் அடித்த 496 பட்டில் 496-ஐயும் போட்டிருந்த மெக்கில்ராய், கடைசி நாள் 16-வது ஹோலில் இரண்டரை அடியைத் தவறவிட்டார். 18-ல் 3 அடி 9 அங்குலத்தையும் விட்டார். பிரைசன் டிஷாம்போ ஒரே ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பையைக் கொண்டுபோனார். இதற்கு நுட்பக் குறை என்று எதையும் சுட்ட முடியாது. ஜெர்மன் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு பல வருஷம் கை உதறல் இருந்தது. இடது முன்கையோடு பட்டரைச் சேர்த்து வலக்கையால் இறுக்கிப் பிடிப்பது முதல் என்னென்னவோ செய்து மீண்டு வந்தார், இரண்டு மாஸ்டர்ஸும் ஜெயித்தார். பிடியை மாற்றுவது கேலிக்குரியது என்று நினைப்பவர்களுக்கு அவர் நல்ல பதில்.

பயிற்சி

பயிற்சி கிரீனில் பெரும்பாலோர் மூன்று பந்தை எடுத்து ஒரே இடத்தில் நின்று 12 அடியிலிருந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். முதல் பந்து தவறினால் இரண்டாவதைத் திருத்தலாம், மூன்றாவது உள்ளே போகும், மனசு நிறையும். மைதானத்தில் அந்த முதல் பந்து மட்டும்தான் கிடைக்கும். எனவே ஒரே பந்து, ஒவ்வொரு முறையும் வேறு தூரம், முடியும்வரை ஆடுவது. 30 அடி, 45 அடி, 20 அடி என்று மாற்றி மாற்றி. இரண்டாவது பட்டையும் போட்டே ஆக வேண்டும்.

தூரத்துக்கு வேறொரு பயிற்சி, குழியே இல்லாமல். கிரீனின் விளிம்பை நோக்கி அடித்து, புல் மாறும் இடத்தில் பந்தை நிறுத்தப் பாருங்கள். குழி இல்லாததால் உள்ளே போனதா என்ற கவலை இல்லை. கை பலத்தை மட்டும் கற்றுக்கொள்கிறது. இன்னொரு தடவை, அடித்தவுடன் நிமிராமல் குனிந்தபடியே 'குறைவு' அல்லது 'அதிகம்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு பாருங்கள். சொன்னதும் நடந்ததும் ஒத்துப்போகத் தொடங்கினால் கைக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். ஒத்திகை அடியைப் பந்தைப் பார்த்துச் செய்யாமல் குழியைப் பார்த்துக்கொண்டே செய்வதும் அப்படித்தான். பந்து எறியும்போது யாரும் கையைப் பார்ப்பதில்லை.

குட்டி பட்டுக்கு, குழியிலிருந்து மூன்றடியில் பட்டரின் தலை நுழையும் அகலத்துக்கு மட்டும் இரண்டு டீக்களை (பந்தை ஏற்றி வைக்கும் குச்சிகள்) ஊன்றி, நடுவில் அடிப்பது போதும். பந்து நடுவில் படாதபடி பட்டரின் தலை விலகினால் டீ தட்டிக் காட்டிக்கொடுக்கும். ஷெஃப்லர் மட்டத்திலிருப்பவர்களும் இதே இரண்டு குச்சியைத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்கோர் கார்டில் பட் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இரண்டு எண் எழுதுங்கள்: முதல் பட் எத்தனை காலடி, அது குழியிலிருந்து எவ்வளவில் நின்றது. மேலே நின்றதா கீழே நின்றதா என்று ஓர் அம்புக்குறியும் போடலாம். நாலைந்து ஆட்டம் ஆனதும் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மூன்று பட்கள் எந்தத் தூரத்திலிருந்து வருகின்றன, குறைவாலா அதிகத்தாலா என்று வெளிப்படையாகத் தெரியும். பலருக்கு மேட்டை நோக்கிய பட் எப்போதும் குறைவாகவே நிற்கும். சரிவில் ஒருமுறை ஓடிப்போன பயம் எல்லாப் பட்டிலும் தங்கிவிடுகிறது.

ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் கிடைத்தால் ஏழெட்டு நிமிடத்தை நீள பட்டுக்கே கொடுங்கள், மேட்டுக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று என்று. பயிற்சி கிரீனும் மைதானத்து கிரீன்களும் பல கிளப்களில் ஒரே வேகத்தில் இருப்பதில்லை. வேறு நாளில் வெட்டியிருப்பார்கள், வேறு அளவில் தண்ணீர் விட்டிருப்பார்கள். முதல் இரண்டு ஹோல்களில் கூட ஆடுபவர்களின் பந்து எங்கே நிற்கிறது என்பதையும் பார்த்துக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள்.